கீல்

பதினெட்டாயிரம், என்றார் நஸ்மிர் சல்தீன்.
நாற்பத்திரண்டுக்கு வேறொன்று இருக்கிறது,
இதே யாஷிக்கா, தோல் உரியாதது,
அதைக் கொண்டுபோங்க மிஸ், தலையிடி இல்லை.

கொம்பனித்தெருவில் அவருடைய கடை
கைப்பேசித் திரைகளால் பிழைக்கிறது.
பூனைக்குட்டியோடு வந்த பிள்ளையிடம்
மிருக வைத்தியர் கை நீட்டுவதைப்போல
என்னிடம் கமராவை வாங்கினார்.

பின்கதவைத் திறந்தார்.
உள்ளே பஞ்சுப் பட்டி முப்பது வருட வெக்கையில் உருகிக்
கீலாகிப்போயிருந்தது. விரலில் ஒட்டியது,
மேசையில் துடைத்தார், மேசையிலும் ஒட்டியது.
இதைச் சுரண்டவே ஒரு நாள் வேணும்.
அரைச் செக்கனில் வைத்தால் தகடு திறந்து
மூட மறந்து நிற்கிறது. அதற்கும் ஒரு நாள்.
பிறகு வெளிச்சத்துக்கு நேரே பிடித்து
மற்றக் கீலைக் காட்டினார், கதவைத் தாங்குகிற கீலை:
“இது வளஞ்சி ஈக்கி மிஸ். கீழ விழுந்தா?”

விழவில்லை.
இரண்டாயிரத்து ஏழில், பாமன்கடைப் பாலத்தடியில்,
ஒரு பொடியன், சீருடை அவனுக்கு ஒரு அளவு பெரிது,
உள்ளே என்ன என்று பார்க்க விரும்பினான்.
அந்தத் திருகியை மேலே இழுத்தால் தானாய்த் திறக்கும்.
‘மேலே இழு’ என்பதற்கு எனக்குச் சிங்களம் வரவில்லை.
அவன் பெருவிரலை நுழைத்து
சோடா மூடியைப்போல நெம்பினான்.
அக்காவின் எழுத்து நாள் உள்ளே இருந்தது, பத்தொன்பது படம்.
எல்லாவற்றையும் வெயில் ஒரே தரத்தில் பார்த்து முடித்தது.
போகலாம் என்று கை காட்டினான்.

அதன்பிறகு எந்தப் படத்திலும்
இடப்பக்கம் மேலிருந்து கீழே ஒரு சிவப்பு.
கறுப்பு டேப் ஒட்டினேன், வியர்வையில் கழன்றது.
கடைசியில் ஆட்களை நகர்த்தினேன்.
வலக்கைப் பக்கம் நெருங்குங்கோ,
உங்கட வலக்கை இல்லை, என்ர வலக்கை.
பிறந்தநாள், குடிபூரல், விமான நிலைய வாசல்:
பதினேழு வருசம் எங்கள் வீட்டார்
பஸ்ஸில் அரைச் சீட் கிடைத்தவர்கள்போல
ஒரு பக்கமாய் ஒட்டிச் சிரித்தார்கள்.

திருத்தத்தான் கொடுத்தேன்.
நாற்பத்திரண்டாயிரம் என்னிடம் இல்லை, அதுதான் காரணம்.
வேறு ஏதும் நான் சொன்னால் நம்பவேண்டாம்.

மூன்று கிழமை.
ஒரு தகட்டுக்காகச் செத்த யாஷிக்கா ஒன்றைக்
காலியிலிருந்து எடுப்பித்தாராம்.
நூற்றைம்பத்தைந்தாம் இலக்க பஸ்ஸில் போகும்போது
கீலை மட்டும் விடச்சொல்லுவோமா என்று ஒரு யோசனை வந்தது,
கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.
கடைக்குப் போனால் அதை ஏற்கெனவே நிமிர்த்தியிருந்தார்.
காசு வேணாம் மிஸ், ரெண்டு தட்டு, அவ்வளவுதான்.

புதுச் சுருள் ஏழாயிரத்து இருநூறு.
முப்பத்தாறும் கழுவி வந்தது. சிவப்பு இல்லை.
ஓரம்வரை சுத்தமான வெளிச்சம்.
அந்தச் சுத்தத்தில் ஒவ்வொரு படத்திலும்
ஒரு துண்டுச் சுவர், ஒரு துண்டுக் கடல்,
ஓரிடத்தில் காகம்.
லாப் பிள்ளை கவரை நீட்டிக்கொண்டே கேட்டாள்:
இந்தப் பக்கம் நிக்கவேண்டிய ஆள் வரேல்லையா?

நேற்று வெள்ளவத்தைத் தண்டவாளத்தடியில்
அக்காவும் அத்தானும்.
அத்தான், கொஞ்சம் இங்கால வாங்கோ, என்றேன்.
அங்க சிவப்பு விழுமே.
இப்ப விழாது, திருத்தியாச்சு.
அக்காவைப் பார்த்தார். கமராவைப் பார்த்தார்.
பாணந்துறை ரயில் வரப்போகிறது என்று மணி அடித்தது.
உடம்பை அங்கேயே வைத்துக்கொண்டு
ஒரு காலை மட்டும் இந்தப் பக்கம்
எடுத்து வைத்தார்.
அழுத்தினேன்.